மகள் மெலிந்ததை முதலில் கண்டவள்

என் மச்சாளை, அதாவது கணவரின் தங்கையை, எனக்குப் பிடிக்காது என்றில்லை. பொறாமை, அவ்வளவுதான். ஜெர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கிறாள். சின்ன வயதிலேயே இந்த நாட்டுக்கு வந்ததால் ஜெர்மன் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நானோ கல்யாணம் முடித்துத்தான் ஊரிலிருந்து வந்தேன், டோர்ட்மண்டுக்குப் பக்கத்து நகரமான ஹம்முக்கு. இன்றைக்கும் டொக்டரிடம் போக நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுப்பதென்றால், சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனைத் தொடுவேன். அவள் அவித்தால் புட்டு உதிரியாக வரும், நான் அவித்தால் கட்டிபடும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் ஆறு வயது மகள், இந்த மாமி வீட்டுக்குப் போகிறோம் என்றால் போதும், தானாகவே காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நிற்பாள். வயிற்றெரிச்சல் அதில்தான்.

போன வருடம் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பாடு. எல்லோரும் இருக்கும்போது கேட்டாள்.

"அண்ணி, பிள்ளை நல்லா மெலிஞ்சு போனாள். கவனிச்சனீங்களோ? கோயில் திருவிழாவுக்கு நான் எடுத்துக் குடுத்த பாவாடை இப்ப இடுப்பில நிக்குதில்லை. ஊசி குத்தி விட்டிருக்கிறன்."

எங்கள் ஆட்களிடையே "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்பது பிள்ளையைப் பற்றிய பேச்சே இல்லை. தாய் ஒழுங்காகச் சாப்பாடு கொடுப்பதில்லை என்று அதற்கு அர்த்தம். கல்யாண மண்டபத்தில், கோயில் வாசலில் எத்தனை பேர் எத்தனை பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன், அதே அர்த்தத்தில்தான். அதோடு பாவாடைக் கதை வேறு. நான் எடுத்துக் கொடுத்த பாவாடையை அலுமாரியில் வைத்துவிட்டு மாமி கொடுத்ததைத்தான் உடுப்பேன் என்று அடம்பிடித்தவள் என் மகள்.

"எங்கட வீட்டில நல்லாத்தான் சாப்பிடுறாள்," என்றேன். "வளருற பிள்ளை, மெலியத்தானே செய்யும்."

"குறையாச் சொல்லேல்லை அண்ணி. தண்ணி குடிச்சுக்கொண்டே இருக்கிறாள். குடிச்ச கையோட டொய்லெட்டுக்கு ஓடுறாள். ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ."

தாகத்தை நானும் கண்டிருந்தேன். வெயில் என்று நினைத்தேன். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைப்பது திரும்பத் தொடங்கியிருந்ததை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை, முக்கியமாக அவளுக்கு. ஹம்முக்குத் திரும்பி வந்ததும், அடுத்த ஞாயிறு அவள் வாயை அடைக்கிற மாதிரிப் பிள்ளையைத் தேற்றிக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். சத்துமாக் கஞ்சி, வாழைப்பழம், மாம்பழ ஜூஸ். கேட்டதெல்லாம் கொடுத்தேன். மகளும் மாட்டேன் என்னாமல் சாப்பிட்டாள், குடித்தாள், இன்னும் மெலிந்தாள். பள்ளிக்கூடத்தால் வந்தால் படியேற ஏலாது, தூக்குங்கோ என்று கீழேயே உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியில் பிள்ளைகளுக்கான டொக்டரிடம் கூட்டிப்போனேன். பயத்தில் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில், ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதும் அந்த இடத்திலிருந்தே மச்சாளுக்குப் போன் எடுக்கத்தான் போனேன். என்ன சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது.

அந்த டொக்டர் அம்மா கேட்டார்: நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா, அடிக்கடி சலம் கழிக்கிறாளா, படுக்கை நனைக்கிறாளா, களைப்பா. எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். ஒவ்வொரு ஆமும் மச்சாள் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொள்வது போல இருந்தது. மகளின் விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துக் கருவியில் பார்த்தவர், உடனே அம்புலன்ஸுக்குப் போன் செய்தார். சிறுபிள்ளைகளுக்கும் வருகிற சர்க்கரை வியாதி, உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், நாளைக்கென்றுகூடத் தள்ளிவைக்க முடியாது என்றார். நான் கொடுத்த இனிப்பாலா என்று கேட்டேன்.

"சாப்பாட்டால் வருவதில்லை இது. உங்கள் பிழை இல்லை. ஆனால் இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிள்ளை மயங்கி விழுந்திருப்பாள், உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்."

அதற்குப் பிறகுதான் பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கையில் சேலைன், இன்சுலின். கணவர் தொழிற்சாலையிலிருந்து வந்து சேருமுன், செய்தி கேட்ட கையோடு ரயிலேறி மச்சாள் வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை அவளைக் கண்டதும் சிரித்தது. அந்தக் கட்டிலுக்கு அருகிலும் எனக்குப் பொறுக்கவில்லை.

பின்னேரம் வார்ட்டுக்கு வந்த டொக்டர், ஆபத்து நீங்கிவிட்டது, நல்ல நேரத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். எங்கள் இருவரையும் பார்த்து, முதலில் கவனித்தது யார் என்று கேட்டார். அவள் சொல்லட்டும், அவளுக்குத்தானே ஜெர்மன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தாய்தான்," என்றாள் மச்சாள். டொக்டர் எனக்குக் கை தந்து பாராட்டினார்.

அவர் போனபிறகு அழுதேன். மகள் பிழைத்துவிட்ட நிம்மதி என்று நினைத்து மச்சாள் என் முதுகைத் தடவினாள். நிம்மதியும்தான். ஆனால் இதைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்க அவளால் முடிகிறதே, அவளுடைய இடத்தில் நான் நின்றிருந்தால் விட்டிருக்கமாட்டேனே என்று நெஞ்சு எரிந்தது.