செட்டு அண்ணனின் வட்டம்

கையால் செய்த சின்ன விமானத்தின் மூக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் செட்டு அண்ணன் மைதானத்துக்குள் நுழைகிறார். கோட்டு பாதி திறந்து கிடக்கிறது. உள்ளே என்ஜின், வெளியே இறக்கையும் வாலும். முன்விசிறியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய பறவை வந்து மோதி அவர் விலாவில் செருகிக்கொண்டது போலிருக்கும். புல்லின் மேல் உறைபனி, காலடியில் நொறுநொறுவென்கிறது. "என்ஜின் குளிர்ந்துட்டா கெஞ்சினாலும் எழுந்திருக்காதுங்க. குழந்தையை எழுப்புற மாதிரி. முதல்ல கதகதப்பு, அப்புறம்தான் அதட்டல்."

பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல்செட் செய்வது அவர் தொழில். ஜன்னல் இல்லாத அறை. மேசை நிறைய பிளாஸ்டர் வாய்கள், சிரிக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. டாக்டரா என்று யாராவது கேட்டால் உடனே மறுத்துவிடுவார். "அவர் பிடுங்குறவர். நான் கட்டுறவன்." நோயாளிகளின் முகம் அவருக்குத் தெரியாது, பல் மட்டும் தெரியும். கடைத்தெருவில் முன்பின் தெரியாத பெண்மணி ஒருவர் சிரித்தால் நின்று உற்றுப் பார்த்து, "நம்ம வேலைதான்... மேல்வரிசை" என்று முணுமுணுப்பார். மனைவி முழங்கையால் இடிப்பார்: "பல்லைப் பார்க்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க புருஷனுக்குத் தெரியுமா?"

நண்பர்கள் வைத்த பெயர் செட்டு. வயதில் இளையவர்களுக்கு செட்டு அண்ணன். அந்தப் பெயருக்கு அவருடைய விமானமே சாட்சி. பால்சா என்கிற, எடையே இல்லாத மரத்தில் செய்த அதன் உடம்பில் எங்கெல்லாம் ஒடிந்ததோ அங்கெல்லாம் ஈறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார். பல்செட்டுக்கு ஊற்றி மிஞ்சிய அதே ரோஸ் நிறக் கலவை. இறக்கையின் ஓரத்தில் அது வளைந்து ஓடுவதைப் பார்த்தால் விமானம் இளிப்பது போல இருக்கிறது. "அப்படியே ரெண்டு பல்லும் வச்சு விட்டுடேன், கடிச்சுக்கிட்டே பறக்கட்டும்" என்பார் அவருடைய பஸ் டிரைவர் நண்பர்.

இது ரேடியோவில் ஓடுகிற விமானம் இல்லை. ஓட்டுகிறவர் வட்டத்தின் நடுவில் கைப்பிடியோடு நிற்க வேண்டும். கைப்பிடியிலிருந்து மயிரிழை போன்ற இரண்டு எஃகுக் கம்பிகள் விமானத்தின் வயிற்றுக்குப் போகின்றன. நீளம், டிரைவரின் கணக்கில், ஒன்றரை பஸ். மணிக்கட்டை மேலே சாய்த்தால் விமானம் ஏறும். கீழே சாய்த்தால் இறங்கும். அது வட்டமடிக்க வட்டமடிக்க, நடுவில் நிற்பவரும் நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். தலை சுற்றாதா என்றால், "விமானத்தை மட்டும் பாருங்க. வேற எதையாவது பார்த்தீங்களோ, போச்சு" என்கிறார். இழுவை எப்படி இருக்கும் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார். "ஒரு நல்ல மீன் மாட்டின மாதிரி. ஆனா மீன் ஓடப் பார்க்கும். இது நம்மளை விட்டுப் போகாது."

கோடை, குளிர்காலம் என்றில்லாமல் ஞாயிறுகளில் பஸ் டிப்போவுக்குப் பின்னாலிருக்கும் இந்த மைதானத்தில் நான்கு பேர் கூடுகிறார்கள். செட்டு. மூக்கு நுனி எப்போதும் சிவந்திருக்கும் பருமனான பஸ் டிரைவர். விரல் நுனி வெட்டிய கையுறை போட்ட தபால்கார அம்மாள். எல்லாருக்கும் மூத்தவர், ஆகவே தபாலக்கா. நான்காமவர் செட்டு அண்ணனின் மைத்துனர், மனைவியின் தம்பி. குளிர்சாதனக் கிடங்கில் வேலை. ஆனால் நால்வரில் அதிகம் நடுங்குகிறவர் அவர்தான். "அங்கே சம்பளம் குடுத்து நடுங்க வைக்கிறாங்க மாமா. நீங்க சும்மாவே நடுங்க வைக்கிறீங்க."

போன கோடையில் இந்த வட்டத்தின் நடுவில்தான் செட்டு விழுந்தார். விமானம் மேலே இருந்தது. திடீரென்று வானம் காலுக்குக் கீழே வந்துவிட்டதாம். எழுந்திருக்கப் பார்த்தவரை மைதானமே திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது. "காதுக்குள்ள, கொத்தனார் வைக்கிற மாதிரி ஒரு ரசமட்டம் இருக்காம். எல்லாருக்கும் இருக்கு. என்னுது சாய்ஞ்சுடுச்சுன்னாங்க." வாரக்கணக்கில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தார். மருந்து கொஞ்சம் கேட்டது. மீதிக்குப் பயிற்சி சொன்னார்கள்: எதையாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டே தினமும் நின்ற இடத்தில் சுற்று, உடம்பு பழகும். வீட்டுக் கூடத்தில் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். பீரோவில் போய் மோதி, பீரோ கண்ணாடியும் போய், மனைவி பயிற்சிக்கே தடை போட்டார்.

பனிக்காலம் தொடங்கிய முதல் ஞாயிறு, இரண்டு விமானங்களையும் கம்பிச் சுருள்களையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்து டிரைவரின் முன்னால் வைத்தார். "நீயே வச்சுக்க. எனக்கு இனிமே ஆகாது."

டிரைவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "உன் ஓட்டைப் பல்லையெல்லாம் நான் எங்கே வச்சுக்கிறது? எடுத்துட்டுப் போ."

தபாலக்காதான் கேட்டார், டாக்டர் என்ன செய்யச் சொன்னார் என்று. செட்டு சொன்னார். கட்டைவிரலைப் பார்த்தால் பிடிப்பில்லை என்றும் சொன்னார். தபாலக்கா துணிப்பையைத் தன் பக்கம் இழுத்தார். பையிலிருந்து விமானத்தை எடுத்தார், கம்பியை மாட்டினார், கைப்பிடியைச் செட்டு கையில் திணித்தார். விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டத்தின் விளிம்பில் நடக்க ஆரம்பித்தார். "என்னைப் பார்க்காதே தம்பி. இதைப் பாரு. சுத்து."

அன்றிலிருந்து இதுதான் நடந்தது. ஞாயிறு தவறாமல், விடுமுறை கிடைத்தால் வார நாளிலும், மூன்று பேரும் முறை போட்டுக்கொண்டு விமானத்தைத் தூக்கிச் சுமந்தார்கள். முதலில் நடை, பிறகு வேக நடை, பிறகு ஓட்டம். தபாலக்காவின் ஓட்டத்தில் ஏற்ற இறக்கமே இராது; தெருத் தெருவாக நடந்த கால்கள். மைத்துனர் குளிருக்குப் பயந்தே பறப்பார். டிரைவர் வாயால் என்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு, வயிறு முன்னால் போக, விமானம் பின்னால் வர ஓடுவார். நடுவில் செட்டு தள்ளாடினால் ஓடுகிறவர் அந்த இடத்திலேயே சிலையாகிவிடுவார். அவர் கண்ணுக்கு விமானம் நகரக் கூடாது. சிரமம் தணிந்ததும் மறுபடி கிளம்புவார். நாயோடு நடக்க வருகிற ஒருவர் இதைச் சில வாரம் பார்த்துவிட்டு, ஒருநாள் அருகில் வந்து, "இதுல சேர ஏதாவது கட்டணம் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

இதற்கெல்லாம் செட்டு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. டிரைவருக்கு உறக்கத்தில் பல் கடிக்கிற வழக்கம். அவருக்கு ஒரு பல்லுறை செய்துகொண்டு வந்து கையில் வைத்தார். "நீ ஓடும்போது தாடையைப் பார்த்தேன். இதைப் போட்டுக்கிட்டுப் படு." டிரைவரின் மனைவி போன் செய்து, வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பல வருஷமாயிற்று என்றார். எப்படி இருந்தன அந்த மாதங்கள் என்று நேரடியாகக் கேட்டால் கோட்டுப் பொத்தானைத் திருகுகிறார். "என் காது செய்ய வேண்டிய வேலையை இவங்க கால் செஞ்சுது. அதுக்கு என்னன்னு சொல்றது? சொல்லுங்க பார்ப்போம்."

இந்த ஞாயிறு என்ஜினோடு. சுமந்து ஓடுகிற வேகம் வேறு, பறக்கிற வேகம் வேறு. அந்த வேகத்துக்கு ரசமட்டம் ஈடுகொடுக்குமா என்று யாருக்கும் தெரியாது. செட்டு மட்டும் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். "இன்னைக்கும் விழுந்தேன்னா அந்தப் பையை நீ வாங்கிக்கிடணும். பேச்சுக் கிடையாது." டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை அழுத்தி இழுத்துவிட்டுக்கொண்டார்.

மைத்துனரின் போன் அடித்தது. அக்கா.

"என்னடா, விழுந்துட்டாரா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லக்கா."

"ஆரம்பிக்கும்போது சொல்லாதே. முடிஞ்சப்புறம் சொல்லு."

என்ஜினை எழுப்புகிற வேலை செட்டு கையில்தான். ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரியும் அடுப்பங்கரையும் ஒன்றாக மணக்கின்றன. புகைவாயில் சில சொட்டு விட்டார். விரலில் ரப்பர் குழாய்த் துண்டை மாட்டிக்கொண்டு முன்விசிறியைத் தட்டினார். இருமியது. தட்டினார். இருமியது. "வாடா ராசா." மூன்றாம் தட்டுக்கு வீறிட்டது, நீலப் புகை பனிக்குள் நீண்டது. விமானத்தை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, கம்பி காலில் தட்டாமல் சுற்றி நடந்து நடுவுக்குப் போனார். கைப்பிடியின் வாரை மணிக்கட்டில் மாட்டினார். அசைத்துப் பார்த்தார், வாலின் மடல் மேலும் கீழும் ஒழுங்காக அசைந்தது. மைத்துனர் அவர் முதுகுக்குப் பின்னால், பிடிக்கத் தயாராகக் கைகளை விரித்து நின்றார். "தொடாதே. விழுந்தா மட்டும் பிடி."

இடது கையை உயர்த்தினார். புறப்படலாம் என்று அர்த்தம். விமானத்தைப் பிடித்திருப்பவர் கையை விட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

டிரைவர் விடவில்லை. இத்தனை மாதப் பழக்கம் காலுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. கை உயர்ந்ததும், வீறிடுகிற விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். போதாததற்கு வாயாலும் என்ஜின் சத்தம்.

"விடுங்க! விட்டுடுங்க!" என்று மைத்துனர் கத்தினார்.

"யோவ், அதுக்கே என்ஜின் இருக்குய்யா!" இது தபாலக்கா.

கால் வட்டம் ஓடிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. நின்று, திடுக்கிட்டு, ஏதோ சூடான பாத்திரத்தை விடுவது போல இரண்டு கையையும் விரித்தார். விமானம் ஒரு கணம் சரிந்தது. புல்லை நோக்கி மூக்கைத் தாழ்த்தியது. நடுவில் மணிக்கட்டு சாய்ந்தது, கம்பி விறைத்தது, விமானம் டிரைவரின் தொப்பிக்குச் சற்று மேலே எழுந்து போனது.

செட்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே சுற்றினார். அந்தச் சிரிப்பில் பயப்பட மறந்துவிட்டாரோ என்னவோ, முதல் சில சுற்றுகள் அதிலேயே போயின. பிறகு சிரிப்பு நின்றது. உதடு இறுகியது. கால்கள் சின்னச் சின்னதாக எடுத்து வைத்தன. கண் விமானத்தை விட்டு அகலவில்லை. ஒரு முறை இடது முழங்கால் மடங்கியது. மைத்துனரின் கைகள் முன்னால் வந்தன. விமானம் மேலே குதித்துக் கீழே வந்தது. முழங்கால் நிமிர்ந்தது. கைகள் பின்வாங்கின. வட்டத்துக்கு வெளியே தபாலக்கா கையுறையை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

எரிபொருள் தீர்ந்ததும் சத்தம் அறுந்தது. அந்த அமைதியில் கம்பி காற்றை அறுக்கிற சீறல் மட்டும் கேட்டது. விமானம் தாழ்ந்து, தாழ்ந்து, உறைபனியில் கோடு கிழித்துக்கொண்டு போய் நின்றது.

விமானம் நின்ற பிறகுதான் உண்மையான சோதனை. உடம்பு நின்றாலும் உலகம் நிற்காது என்பார்; பயிற்சி நாட்களில் அந்த நேரத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். இன்று கால்களை அகட்டி, விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அசையவில்லை. மைத்துனரின் கை இன்னும் விரிந்தே இருந்தது. நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு மூச்சு ஒரு வெள்ளை மேகமாக வெளியே வந்தது.

மைத்துனர் போனை எடுத்தார். "அக்கா, முடிஞ்சுது." அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. "நிக்கிறார்க்கா. நேரா நிக்கிறார்." மூக்கை உறிஞ்சிவிட்டு, குளிர் என்று சொல்லிச் சமாளித்தார்.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நடுவுக்கு வந்தார். "மன்னிச்சுக்க செட்டு. கால் தானா ஓடிடுச்சு. கொஞ்சம் விட்டிருந்தா உன் பல்லையெல்லாம் உடைச்சிருப்பேன்."

செட்டு தன் மணிக்கட்டிலிருந்து வாரைக் கழற்றி அதை டிரைவரின் மணிக்கட்டில் மாட்டினார். கைப்பிடியை அவர் விரல்களுக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார். பிறகு கம்பியை ஒட்டியே, அவசரமில்லாமல், வட்டத்தின் விளிம்புவரை நடந்தார். இன்னும் சூடு ஆறாத விமானத்தை எடுத்தார். அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். வாயால் என்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு, சற்றே கோணலாக, ஓட ஆரம்பித்தார்.