சண்டை நின்ற வீடு

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும் சத்தம் ஒன்று உண்டென்றால், அது எங்கள் எதிர்வீட்டு ரேணுகாம்பாளும் அவள் புருஷன் தணிகாசலமும் போடும் சண்டைதான். ஒரே தறியில் அவர் புடவையின் உடலை நெய்ய, இவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவாள். கை வேலை செய்யும். வாய் அதன் பாட்டுக்குச் சண்டை போடும். யாரும் விலக்கப் போவதில்லை. போனால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு நம்மைப் பிடித்துக்கொள்வார்கள்.

அறுபத்தெட்டு வயதில் தணிகாசலத்துக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. "அவர்கிட்ட சத்தமே போடாதம்மா" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ரேணுகாம்பாளும் குரலைத் தேனில் முக்கி எடுத்தாள். துடைத்துவிட்டாள், ஊட்டிவிட்டாள், "சாப்புடுங்க சாமி" என்றாள். மனுஷன் கஞ்சியைக்கூட மறுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். புருஷன் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் அவளை அரித்தது. தறியில் உட்கார்ந்தபடியே மூக்கைச் சிந்துவாள்.

இப்போது அவர் இடத்தில் அவள்தான் நெய்தாள். கரைக்குப் பக்கத்து வீட்டு லோகாம்பாள் வந்தாள். ஒருநாள் காலை, கரையும் உடலும் சேருமிடத்தில் இழை கோக்காமல் விட்டுப்போனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அன்றைக்குத் தறிப் பக்கம் திரும்பிக் கட்டிலில் கிடந்தவர் கவனித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். நெசவு ஒரு முழம் தாண்டியதும் அவரால் தாங்க முடியவில்லை.

"கண்ண... எங்க மே வெச்சிருக்க? கோர்வ உட்டுப் போச்சி!" நாக்கு குழறினாலும் கோபம் குழறவில்லை.

"பாத்துக்கினேதான கெடந்த? அப்பவே சொன்னா இன்னாய்யா, வாயில கொழுக்கட்டயா?"

கத்திய பிறகுதான் ரேணுகாம்பாளுக்குச் சுரணை வந்தது. பதறிப்போய்த் திரும்பினாள். அவரோ கோணிய வாயால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாடா... நீ சாமி சாமின்னதும், வைத்தியர் நாள் குறிச்சிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அதுக்கா கஞ்சி குடிக்கல? அடப்பாவி மனுசா!" என்று திட்டிக்கொண்டே கிண்ணத்தை எடுத்து வந்தாள். சத்தம் கேட்டு நாங்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டோம். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதிக் கஞ்சி இறங்கியதும் அவர் கேட்டார், "நாளைக்கும் திட்டுவியா மே?"

"நாளைக்கா? இன்னிக்கிதே இன்னும் முடியல. வாயத் தொற!"