திரும்பி வர வேண்டிய விமானம்

கடிகாரம் பழுது பார்க்கும் அவருக்குத் தெருவில் 'ஒரு நிமிஷம்' என்றே பேர். யார் வந்து நின்றாலும் தலை நிமிராமல் "ஒரு நிமிஷம்" என்பார். அது ஒரு வாரமாக நீளும். மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடிக் கடை. இருபத்தெட்டு வருஷமாக வலது கண்ணில் லென்ஸை இடுக்கி, மூச்சை அளந்து விட்டு வேலை பார்த்தவர் கை வைக்கத் தயங்கியது இந்த வருஷம்தான். அதுவும் ஒரு பொம்மை விமானத்தின் முன்னால்.

அது அவர் மனைவியின் தம்பி செய்தது. பெட்டியில் வந்த மெல்லிய கட்டைத் துண்டுகளை ஒட்டி, மேலே வெங்காயத் தோல் போன்ற காகிதம் போர்த்தியிருந்தான். உள்ளே ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கும். ஆனால் அவன் ஒருநாளும் பறக்கவிடவில்லை. "இப்படி விட்டா அது பாட்டுக்குப் போயிடும் மாமா. நாம கூப்பிட்டா திரும்பி வரணும். ரிமோட் வெச்சுத்தான் விடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான்கு நாள் காய்ச்சலில் அவனே போய்விட்டான்.

எட்டு மாதம் அது பீரோவின் மேல் இருந்தது. அக்காக்காரி யாரையும் தொட விடவில்லை. ரிமோட் வைத்துப் பார்க்கட்டுமா என்று அவர் ஒருநாள் கேட்டார். மூன்றாம் நாள் அவளே இறக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"செய்ங்க. ஆனா விழுந்து நொறுங்கினா, வேற வாங்கிக்கலாம்னு மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. அவன் கை பட்டது இது ஒண்ணுதான் இருக்கு."

வயிற்றுப் பக்கக் காகிதத்தைக் கிழிக்காமல் உள்ளே எதையும் வைக்க முடியாது. இறக்கை சேரும் இடத்தில் பசை கொஞ்சம் வழிந்து, அதில் மைத்துனனின் விரல் ரேகை அப்படியே உறைந்திருந்தது. அதை விட்டுத் தள்ளி, பிளேடு முனையால் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கீறினார். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ரப்பரை எடுத்துவிட்டு மூக்கில் சுண்டுவிரல் நுனியளவு மோட்டார் வைத்தார். வாலில் அசையாமல் ஒட்டியிருந்த சுக்கானை வெட்டி, கதவு மாதிரித் திரும்பும்படி நூலால் கட்டினார். அதை இழுக்க ஒரு குட்டி மோட்டார், வாலை ஏற்றி இறக்க இன்னொன்று. வயிற்றுக்குள் பேட்டரியும், ரிமோட் சொல்வதைக் கேட்கும் சின்னப் பலகையும். எல்லாம் சேர்ந்து நாற்பத்தைந்து கிராமைத் தாண்டக் கூடாது. பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் நாற்பத்தேழு. ரெண்டு கிராமுக்காக ஒரு வாரம் ஒயரைச் சுரண்டினார். தங்கத்துக்குக்கூட இவ்வளவு கறார் பார்த்ததில்லை என்று நகைக்கடைக்காரர் சிரித்தார்.

காற்றில்லாத ஒரு காலையில் இருவரும் மூடிய ஆலையின் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனார்கள். கையால் எறிந்து விடுவது தான்தான் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். விட்டாள். விமானம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு தம் பிடித்து ஏறியது. அவர் மூச்சு விட்டார்.

மைதானத்தின் இடது ஓரத்தில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி. அதை விட்டு விலக ரிமோட்டின் விசையை வலது பக்கம் தள்ளினார். விமானம் இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் வலது தள்ளினார். நேரே தொட்டியைப் பார்த்தே போனது.

என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது. கடிகாரத்தை எப்போதும் முகம் குப்புறக் கிடக்க, முதுகுப் பக்கமாகத்தான் திறப்பார்கள். அங்கே வலமாகச் சுற்றுவது முகத்தில் இடமாகச் சுற்றும். இருபத்தெட்டு வருஷமாக மனசு அதைத் தானாக மாற்றிப் போட்டுக்கொள்ளும். நேற்றும் விமானத்தின் பின்னால் உட்கார்ந்து சோதித்திருக்கிறார்; சுக்கான் சரியாகத்தான் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. பின்னாலிருந்து பார்க்கிறோமே என்று ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தள்ளி அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார். இப்போது குனிந்து அந்தப் பொத்தானைத் தேட நேரமில்லை. பயத்தில் கட்டைவிரல் பழையபடி வலது பக்கமே ஓடுகிறது.

"என்ன ஆச்சு?" என்றாள்.

"மாத்தி வெச்சுட்டேன். வலதுன்னா இடது போகுது. கை கேக்க மாட்டேங்குது."

அவள் கத்தவில்லை. அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்போ அது பிளேனு இல்ல. கவுத்துப் போட்ட வாட்ச்சு. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் தோள் இறங்கியது. விரலை இடது பக்கம் கொண்டுபோனார். தொட்டிக்கு நாலு முழம் இருக்கும்போது மூக்கு வலது பக்கம் திரும்பி, இறக்கை நிழல் தகரத்தில் வழுக்கிப்போனது. இன்னும் கொஞ்சம் இடது. அரைவட்டமாகத் திரும்பி இவர்களைப் பார்த்து வந்தது. எதிரே வரும்போது கண்ணுக்கும் கைக்கும் இருந்த வழக்கு தானாகத் தீர்ந்தது. விரல் போன பக்கமே அதுவும் வந்தது. மோட்டாரை நிறுத்தினார். புல்லில் உரசி, ஒரு சக்கரத்தை உதிர்த்து, மூக்குக் குத்தி நின்றது.

அவள் முதலில் இறக்கை சேரும் இடத்தைத்தான் பார்த்தாள். பிறகு சக்கரத்தைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பொத்தானைச் சரிசெய்துவிட்டு இன்னொரு தரம் விடலாமா, பேட்டரி இருக்கிறது என்றார் அவர்.

"வேணாம். வந்துடுச்சில்ல."

விமானத்தை அவரிடம் கொடுக்காமல் தானே ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் வந்தவரின் கட்டைவிரல் ரிமோட்டில் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. சுக்கான் அசைந்து அவள் மணிக்கட்டைத் தொட்டது. அவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ ஆட்டுங்க" என்றாள்.