தோள்பட்டைக்கு ஓர் அர்ச்சனை

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. ஆறரைக்கு எழுந்து தேநீர் குடித்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி மடித்துவிட்டு அஜக்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாள் அக்காவுக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை. அதை முன்னிட்டு அத்தான் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

வழி நெடுக அத்தான் பேசியது ஒரு பேஸ்போல் வீரரைப் பற்றி. மீசை அரும்பும் வயதில் இந்த நகரத்து அணிக்கு வந்தவர், வந்த வருடமே விருது வாங்கியவர், பிறகு கூடுதல் சம்பளத்துக்காக வேறு நகரம் போனவர். தோள் பழுதாகி வேறெவரும் கேட்காத நிலையில் கடைசிப் பருவம் ஆட இங்கே திரும்பியிருக்கிறார். இதற்கு அத்தான் சொல்லும் பெயர் விசுவாசம். தடியால் பந்தடித்த ஒருவரின் வாழ்க்கையை அவர் தேவாரம்போல் மனப்பாடம் செய்திருந்தார்.

கோயிலில் ஐயர், "ஆருக்கு அர்ச்சனை?" என்றார்.

அத்தான் வீரரின் முழுப்பெயரைச் சொன்னார். "நட்சத்திரம் ரேவதி. தோள் நோ, ஐயா." இணையத்தில் பிறந்த திகதியைப் பார்த்து, பிறந்த நேரத்தை நண்பகல் என்று தானே வைத்துக்கொண்டு கணித்த நட்சத்திரம் அது.

ஐயர் பெயரை இரண்டு தரம் கேட்டுத் திருத்திக்கொண்டார். "வேற?"

"மனிசிக்கும். நாளைக்கு ஒப்பரேஷன்."

"நட்சத்திரம்?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உன்ர அக்கான்ர நட்சத்திரம் என்ன?"

அக்கா சிரித்துவிட்டாள். "நான் பந்தடிக்கேல்லையே, அவருக்கு எப்பிடித் தெரியும்? பூரம், ஐயா."

திரும்பும்போது அத்தான், "நாளைக்கு உம்மை ஆஸ்பத்திரியில இறக்கிப்போட்டு மட்ச் பாத்துப்போட்டு ஓடி வாறன். அவற்ற கடைசி சீசனப்பா," என்றார்.

"மயக்கம் தெளியேக்க ஆரும் பக்கத்தில இருக்கவேணுமாம்," என்றாள் அக்கா. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு முதல் வந்திடுவன்."

"ஓம் அக்கா, வந்திடுவார்," என்றேன். "அந்தாள் இப்ப கெதியா அவுட்டாகிறவர்."

"உனக்கு உந்த விளையாட்டு விளங்காது," என்றார் அத்தான். அவர் முகம் கறுத்துவிட்டது. மனைவியின் நட்சத்திரம் தெரியாமல் நின்றபோது அது அப்படிக் கறுக்கவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை, அத்தான் எழும்புவதற்கு முன், முதல் வேலையாக அக்காவின் ஆஸ்பத்திரிப் பையை என் காரில் ஏற்றினேன்.