இரண்டு டோர்செற்றுகளின் ரட்ணம் அண்ணை

ரட்ணம் அண்ணை காலமான செய்தி வேலையிடத்தில்தான் எனக்குக் கிடைத்தது. தொலைபேசி அழைப்பு என்று சுப்பர்வைசர் வந்து சொன்னார். வேலை நேரத்தில் என்னை அழைப்பவர்கள் யாருமில்லை. மறுமுனையில் அவருடைய மனைவி சிவமலர் அக்கா. அவர் அழவில்லை. "வதனி, அவர் காலமை எழும்பேல்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைச்சுக் கூப்பிட்டன், எழும்பேல்லை" என்றார். பிறகு, "உமக்கு இண்டைக்கு வேலை எத்தினை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் அழுதேன்.

ஸ்காபரோவின் டோர்செற் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். 'தவறணை ரட்ணம்' என்று சொன்னால் இன்னும் விரைவில் நினைவு வரும். அந்தப் பெயரை வைத்தவர்களில் சிலர் இதை வாசிக்கக்கூடும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாலையில் வேலை முடிந்து வரும் ஒரு மனிதர் ஊரைப் பற்றிப் பேசாமல், அரசியலும் பேசாமல், இங்கிலாந்துக் கிராமங்களில் இருக்கும் மதுச்சாலைகளைப் பற்றியே பேசினால், கள்ளுத் தவறணையை மட்டுமே கண்ட நம் சனம் வேறு என்ன பெயர் வைக்கும்? அவர் அதற்குக் கோபித்ததில்லை. "தவறணையிலை சனம் குடிக்கப் போகும். அங்கை பப்பிலை சனம் சும்மா இருக்கப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

எழுபதுகளில் கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போனவர் அவர். பரீட்சை கைகூடவில்லை. டோர்செற் என்ற மாவட்டத்தில் ஒரு கிராமத்து பப்பின் குசினியில் சமையல் வேலை இருப்பதாக யாரோ சொல்ல, விசாரிக்கப் போன நாளில் தவறான இடத்தில் பஸ்சால் இறங்கி, மழையில் நனைந்து, தேடிப் போன இடத்துக்குப் பதிலாக வேறொரு பப்பின் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே நெருப்பு எரிந்தது. நெருப்பின் முன் ஒரு கிழவரும் அவருடைய நாயும் இருந்தார்கள். கிழவர் இவரை நிமிர்ந்து பார்த்து, நாயைக் காலால் மெல்லத் தள்ளி இடம்விட்டார். எந்த நாடு, எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. "நான் அந்த நாட்டிலை முதன்முதலாக் குந்தினது அண்டைக்குத்தான் பிள்ளை. அதுக்கு முந்தி எல்லாம் நிண்டுகொண்டுதான் இருந்தனான்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த மாவட்டத்திலேயே பல ஆண்டுகள் வேலை செய்தார். இடையில் ஊருக்குப் போய்ச் சிவமலர் அக்காவைக் கலியாணம் செய்துவிட்டு, விரைவில் கூப்பிடுவதாகச் சொல்லித் திரும்பினார். கூப்பிட முடியவில்லை. விசாக் காலம் முடிந்து, ஒளிந்து வாழ்ந்து, இனி அங்கே இருக்க முடியாது என்றானபோது கனடாவுக்கு வந்து அகதியாகப் பதிந்தார். ஸ்காபரோவில் அவருக்கு அறை கிடைத்த இடத்தின் பெயரும் டோர்செற் என்று கேட்டதும் சிரித்தாராம். "கடவுளுக்கு வேறை பேர் தெரியேல்லைப் போலை."

இங்கே அவருக்குக் கிடைத்த வேலை மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் பெரிய குசினியில். அங்கே ஒரு யன்னல்கூடக் கிடையாது. லண்டனுக்குப் போகும் விமானத்துக்குத் தட்டுகள் அடுக்குவது பெரும்பாலும் அவருடைய பகுதி. அகதி வழக்கு முடியும்வரை அவரால் நாட்டை விட்டு வெளியேற முடியாது. வெளியேறினால் திரும்பி வர முடியாது. விசாரணை ஒத்திவைக்கப்படும், சட்டத்தரணி மாறுவார், மீண்டும் ஒத்திவைக்கப்படும். மனைவி யாழ்ப்பாணத்தில், பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில். "நான் கட்டின சோறு லண்டனுக்குப் போயிட்டுது. நான் இஞ்சை நிக்கிறன்" என்று ஒருநாள் என் கணவரிடம் சொன்னார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.

எலிவேற்றரில் நடந்ததை நான் எழுதியே ஆகவேண்டும். எங்கள் கட்டடத்தின் இரண்டு எலிவேற்றர்களில் ஒன்று எப்போதும் பழுது. ஒரு கோடை மாலை மின்சாரம் போய், மற்றதும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நான், ரட்ணம் அண்ணை, உடுப்புத் தோய்த்துக் கூடையுடன் வந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண். நான் அப்போது நிறைமாதம். ஊரில் செல் குண்டுகள் விழுந்த நாளொன்றில், பதுங்கியிருந்த பங்கரின் வாசல் இடிந்து, எங்களைத் தோண்டி எடுக்கும்வரை மண்ணுக்குள் கிடந்தவள். இருட்டானதும் எனக்கு மூச்சு வரவில்லை. கதவைக் கைகளால் அடித்தேன். கத்தினேன் என்றும் பிறகு சொன்னார்கள்.

ரட்ணம் அண்ணை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் உடுப்புகளைத் தரையில் கொட்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்தாள். "பிள்ளை, இதிலை இரும்" என்று என்னை இருத்தினார். பிறகு கதை சொல்லத் தொடங்கினார்.

தன் மனதுக்குப் பிடித்த பப்புகள் ஒவ்வொன்றாய் வந்தன. வாசலில் தொங்கும் பலகைகளில் இருந்த பெயர்களைத் தமிழாக்கியே சொன்னார். 'மூன்று வாத்துகள்' என்ற இடத்துக்குள் போக இரண்டு படி கீழே இறங்க வேண்டும், கல்லுத்தரை, உழவர்கள் சேற்றுச் சப்பாத்தோடு வருவார்கள், ஒருவரும் ஏச மாட்டார்கள். 'தூங்கும் தச்சன்' என்ற இடத்தில் கூரை வளைகள் தலையில் இடிக்கும் உயரம், புகையில் கறுத்த மரம். உயரமானவர்களுக்காக வளையில் சாக்குச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். 'குடைசாய்ந்த வண்டில்' எல்லாவற்றிலும் சிறியது. எட்டுப் பேர் இருந்தால் ஒன்பதாவது ஆள் யன்னல் திண்டில் குந்த வேண்டும். சுவர் அவ்வளவு தடிப்பு.

"இந்த எலிவேற்றரை விடப் பெரிசோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்திருப்பது தெரிந்தது.

"கொஞ்சம் பெரிசு. ஆனா ஆரும் இடம் காணாது எண்டு சொன்னதில்லை. ஒராள் வந்தா எல்லாரும் கொஞ்சம் அரக்கி இடம் விடுவினம்."

கதவு திறக்கப்பட்டபோது அவர் ரொட்டியும் சீஸும் ஊறுகாய் வெங்காயமும் வைத்த ஒரு தட்டை வருணித்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத அந்தப் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வழக்கு வென்று, சிவமலர் அக்கா வந்து சேர்ந்தார். இனியாவது நன்றாக இருப்பார்கள் என்று நினைத்தோம். ஆனால் அக்காவுக்கு அந்த வீடு கூண்டாகவே இருந்தது. மொழி தெரியாது, பனி, பதினோராம் மாடி. அதைவிடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. காத்திருந்த காலத்தில் உறவினர்கள் அவருக்கு, உன் புருசன் வெளிநாட்டில் தவறணையே கதியென்று கிடக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள். வந்த பிறகு கட்டடத்தில் அந்தப் பட்டப்பெயரும் காதில் விழுந்தது. அண்ணை வேலையால் வந்ததும் அக்கா அவருடைய சட்டையை மணந்து பார்ப்பாராம். மதுவின் மணம் இல்லாதது அவருக்கு ஆறுதல் தரவில்லை. "நான் இவ்வளவு காலமும் ஆருக்காகக் காத்துக்கொண்டு இருந்தனான் எண்டு தெரியேல்லை, வதனி" என்று என் குசினியில் வைத்துச் சொன்னார். கொழும்புக்கே திரும்பிப் போகும் யோசனை இருந்தது.

அண்ணையிடம் நான்தான் போய்ச் சொன்னேன், அக்காவை ஒருமுறை ஒரு பப்புக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கோ என்று. இங்கிலாந்து அண்ணைக்கு இரண்டு முறை விசா மறுத்திருந்தது. விசா முடிந்தும் தங்கிய பழைய குற்றம் அங்கே அழியவில்லை. இந்த நகரத்து பிளாசாக் கடைத்தொகுதிகளில் அப்படியொரு பப் இல்லை என்றார். எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்திருக்கிறார், சத்தமும் தொலைக்காட்சியும்தான். ஆனாலும் நகரத்துக்கு வெளியே வடக்கே ஒரு சிற்றூரில் ஒன்று உண்டென்று வேலையிடத்தில் கேள்விப்பட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் காரில் மூவரும் போனோம்.

வாசலில் அக்கா நின்றுவிட்டார். கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பொம்பிளையள் போறதோ உதுக்குள்ளை?" என்றார். உள்ளே இரண்டு கிழவிகள் சூப் குடித்துக்கொண்டிருப்பதை யன்னலால் காட்டினேன். அண்ணை உள்ளே போனவுடன் கூரை வளையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கோது. "பொய் மரம்" என்றார். முகம் வாடிவிட்டது. நெருப்பு மட்டும் உண்மையான விறகில் எரிந்தது.

எங்களுக்குத் தேநீரும் தனக்கு அரைக் கிளாஸ் அப்பிள் சைடர் மதுவும் அண்ணை வாங்கினார். அக்கா அந்தக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தேநீர் முடிந்த பிறகும் அதில் பாதி இருந்தது. பக்கத்து மேசைக்காரரின் நாய் எழுந்து வந்து அக்காவின் காலடியில் படுத்தது. வாழ்க்கையில் நாயைத் தொடாதவர், காலை எடுக்கவில்லை.

"இதுக்கோ சனம் இவ்வளவு கதைச்சது?"

"ஓம். உம்மைக் கூப்பிடேலாமல் இருந்த காலத்திலை நான் போய் இருந்தது இப்பிடி இடத்திலைதான். அறையிலை இருக்க ஏலாமல் போவன்."

அக்கா நெருப்பைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். நான் புறப்படக் கார்த் திறப்பை எடுத்தபோது, "அவசரமோ வதனி? இன்னும் கொஞ்சம் இருப்பம்" என்றார். அவர் கொழும்புக்குத் திரும்பவில்லை. நாங்கள் மில்லிக்கனுக்கு வீடு மாறிய பிறகும், அண்ணையின் நெஞ்சு நோய் தொடங்கும்வரை, அவர்கள் இருவரையும் அங்கே பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். அவர் நேசித்த அந்த மற்ற டோர்செற்றுக்கு மட்டும் அவரால் கடைசிவரை திரும்பிப் போக முடியவில்லை.

எங்கள் கட்டடங்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'யோசியாதேங்கோ, எல்லாம் சரிவரும்.' ரட்ணம் அண்ணை அதை ஒருவருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சரிவருமோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. உதைச் சொல்லுறது வந்து இருக்கிற ஆளை எழுப்பி வாசலுக்கு அனுப்புற மாதிரி" என்றார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சிவமலர் அக்கா, "இனி நான் இஞ்சை என்ன செய்யப்போறன், வதனி?" என்று கேட்டார். 'எல்லாம் சரிவரும்' என்ற அந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது.

"தெரியேல்லை அக்கா" என்றேன். போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் இருந்தேன். ரட்ணம் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.