ராஜகிரி உச்சியில் ஒரு புதையல்

தன்னைத்தானே புதையலாக ஒளித்துவைத்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பள்ளி நண்பர்கள் ரொம்ப நாள் கழித்துச் செஞ்சிக்கு வந்தார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டால் நழுவிவிடுவார்கள் என்று ராஜகிரி மலைக்கோட்டையில் புதையல் வேட்டை வைத்தேன். யானைக்குளத்தில் ஒரு சீட்டு, நெற்களஞ்சியத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தக் கோட்டையை ஆண்ட ராஜாவின் கதை ஒன்று. உச்சிக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தைத் தாண்டும் பாலத்தில் கடைசிச் சீட்டு: ‘மேலே காத்திருப்பவனே புதையல்.’

உச்சியில் பிரியாணிப் பொட்டலங்களோடு உட்கார்ந்தேன். குரங்குகள்தான் விருந்துக்கு வந்தன. பாலத்தருகே நண்பர்களின் சிரிப்பு கேட்டதும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். சிரிப்பு மெல்லக் கீழே போனது. ராஜா கதை அத்தனையும் தெரிந்த எனக்கு, இந்த உச்சியில் அந்த ராஜா எத்தனை தனியாக இருந்திருப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது.

போன் செய்தேன். “மச்சான், கடைசிச் சீட்டு கெடைக்கலையா?”

“கெடச்சிது. நீதான்னு தெரிஞ்சதும் எறங்கிட்டோம்.”