அகரம் பஸ் ஸ்டாப்பில் ஈபிள் டவர்

மாசி மாதம் ஒரு சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டு, திண்டுக்கல்லில் பஸ் ஏறி, அகரத்தில் வந்து இறங்குகிறேன். எதிரே என் முகம்!

மாமாவின் டீக்கடைக்கு மேலே, கடையின் அகலத்துக்கு ஒரு பிளெக்ஸ். நடுவில் நான். வலது பக்கம் ஈபிள் டவர். இடது பக்கம் லண்டன் மணிக்கூண்டு. தலைக்கு மேலே ஒரு விமானம் — இன்னும் கொஞ்சம் இறங்கினால் என் கொண்டையில் இடித்துவிடும். கீழே கொட்டை எழுத்தில், 'ஐரோப்பா கண்டம் செல்லும் எங்கள் குலவிளக்கு வளர்மதி எம்.எஸ்சி., பி.எட். அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்!' அதற்கும் கீழே கை கூப்பியபடி மாமா. குலவிளக்கின் முகத்தை விட அவர் முகம் கொஞ்சம் பெரிசு.

இதில் என்ன குறை என்கிறீர்களா?

ஒன்று, நான் போக நினைத்தது வியன்னா, புடாபெஸ்ட், பிராக் ஆகிய மூன்று ஊர்களுக்கு. மூன்றிலும் ஈபிள் டவர் கிடையாது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசா கேட்டிருந்தேன்; லண்டனுக்கோ, அந்த விசாவே செல்லாது.

இரண்டு, அந்த விசா இன்னும் வரவில்லை.

"எப்படி இருக்கு தாயி?" டீயை ஆற்றிக்கொண்டே மாமா கேட்டார். அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காது குத்தினாலும், யார் பத்தாம் வகுப்பு பாஸானாலும் முதல் பிளெக்ஸ் இவருடையதுதான்.

"மாமா, விசாவே இன்னும் வரலையே!"

"பாஸ்போர்ட் வந்துருச்சுன்னு சொன்ன?"

"அது வேற, இது வேற மாமா. பாஸ்போர்ட்டுங்கிறது நம்மாளுக 'போ'ன்னு சொல்றது. விசாங்கிறது அவங்க 'வா'ன்னு சொல்றது."

மாமா டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார்.

"வாசலுக்கு வந்த ஆள வராதன்னு எவனாச்சும் சொல்லுவானா? பேசாம உக்காந்து டீயக் குடி."

சொல்வார்கள் மாமா. சொல்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே டீயைக் குடித்தேன்.

இந்த ஐரோப்பா ஆசை எனக்கு எப்போது வந்தது தெரியுமா? ஊரடங்கில். வீட்டுக்குள் அடைத்துப் போட்டால்தானே மனுஷனுக்கு வெளியூர் ஞாபகம் வரும்! அப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு போனில் புவியியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மோட்டார் ரூம் மேலே ஏறி உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆல்ப்ஸ் மலையின் பனியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்றாள் ஒருத்தி.

"இல்லம்மா."

"அப்ப அங்க குளிரும்னு எப்படி டீச்சர் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்கு உதவியது 'மியூட்' பட்டன்தான்.

அன்றைக்கே ஒரு முடிவு. இந்தக் கொரோனா ஒழியட்டும்… போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். (பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதைச் சொல்லாமல் விட்ட வாரம் எது? உங்களுக்குச் சலித்திருக்கும். எனக்கு இன்னும் சலிக்கவில்லை.) முதல் ஆளாகப் படித்தோம், முதல் ஆளாக வேலைக்குப் போனோம். முதல் ஆளாக ஊரும் பார்த்தால் என்ன?

லிஸ்பன், ரோம், பாரிஸ், வியன்னா, புடாபெஸ்ட், பிராக்… ஊரடங்கு முழுக்க ஊர் ஊராக மனசு சுற்றியது. ராத்திரி சோறு தின்றுகொண்டே யாரோ நடந்தபடி எடுத்த வீடியோக்களைப் பார்ப்பேன். கல் பாவிய தெருக்கள், ஆள் இல்லாத டிராம் வண்டிகள். ஒருநாள்தான் கவனித்தேன். எனக்குப் பிடித்த ஊர்கள் எல்லாமே ஆற்றங்கரை ஊர்கள்!

பிறகு என்ன? எங்கள் குடகனாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்பி எடுக்கிற ஊர்க்காரி நான். மற்ற நாட்களில் அது மணலும் முள்ளும்தான். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு, அதன் குறுக்கே பாலம், இந்தக் கரையில் புடா, அந்தக் கரையில் பெஸ்ட், நடுவில் டான்யூப்… எனக்குக் கனவு வராதா?

இந்தப் பத்தியில் ஒருமுறை, கொரோனாவுக்குப் பிறகு நீங்கள் பார்க்க ஆசைப்படும் ஐரோப்பிய நகரம் எது என்று கேட்டிருந்தேனே… வண்டி வண்டியாகப் பதில் அனுப்பினீர்கள். ரோமுக்குப் போக வேண்டும், போப்பாண்டவரைப் பார்க்காவிட்டாலும் அவர் ஜன்னலைப் பார்த்தால் போதும் என்றார் ஒரு ரிட்டயர்ட் ஆசிரியை. நத்தத்தில் இருந்து ஒரு மாம்பழ வியாபாரி, "எந்த ஊரும் சரி, ஆனா சீசன் முடிஞ்சுதான் வர முடியும்" என்றார், என்னமோ நான் டிக்கெட் எடுத்து வைத்திருப்பது போல. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் நான் போவதாக எனக்கு நினைப்பு.

நினைப்பு பிழைப்பைக் கெடுத்தது.

பிளெக்ஸ் ஏறிய மறுவாரம் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை. ஒரு தாள் இருந்தது. வரிசையாகக் காரணங்கள் அச்சடித்து, அதில் ஒன்றுக்கு மட்டும் டிக். தேர்வுத்தாள் திருத்துகிறவளுக்கு டிக் என்றால் சரி என்று அர்த்தம். இங்கே அர்த்தம் வேறு. 'விசா முடிவதற்குள் நீங்கள் எங்கள் நாட்டை விட்டுக் கிளம்பிவிடுவீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை.'

எந்த நாடு என்று கேட்காதீர்கள். மறுபடியும் போய் நிற்க வேண்டிய வாசல்.

இல்லை என்றதுகூட எனக்கு வலிக்கவில்லை. அந்தக் காரணம் வலித்தது. அங்கேயே ஒளிந்துகொள்வேனாம்! நானா? யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேலும் தப்பில்லை. என் பேரில் வீடு இல்லை, நிலம் இல்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இதற்கு முன் வெளிநாடு போய்த் திரும்பி வந்த வரலாறும் இல்லை. ஒரு இளம்பெண் திரும்பி வருவாள் என்பதற்கு உலகம் ஒத்துக்கொள்கிற சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. படிப்பு இருந்தது. படிப்பு, கிளம்பிப் போவதற்குத்தான் சாட்சி போலிருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பிளெக்ஸ் சும்மா இருக்குமா? தினமும் காலையில் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.

"என்ன டீச்சர், ஐரோப்பாவுக்கு நம்ம பஸ்ஸுலயா போறீக?" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும்.

"எப்பத்தா கிளம்புற?" என்பார்கள் பூக்கூடையோடு ஏறும் அக்காமார்கள். "லீவு விடட்டும்க்கா" என்பேன்.

மாமாவிடம் நைசாகச் சொல்லிப் பார்த்தேன். "வெயில்ல கலர் மங்குது மாமா. எறக்கிருவமா?"

"போறதுக்கு முந்தி வச்சா வாழ்த்து. வந்த பொறவு இருந்தா வரவேற்பு. ரெண்டுக்கும் ஒரே செலவு. இருக்கட்டும் தாயி."

இந்த நேரத்தில்தான் சகாயமேரி வந்தாள். என்னோடு வேலை பார்க்கும் ஆங்கில ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தவக்காலம் என்பதால் கறி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டாள். அம்மா கத்திரிக்காய் வைத்திருந்தார். அவளை அழைத்து வர பஸ் ஸ்டாப்புக்குப் போனால்… அவள் நடுரோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏய் வளரு! கீழ வரிசையில அது என்னடி, மாடா?"

மாடுதான். பிளெக்ஸின் அடியில் 'வாழ்த்தும் நெஞ்சங்கள்' என்று சின்னச் சின்ன வட்டங்கள் போடுவார்கள் இல்லையா? அதில் அப்பா, அம்மா, சித்திமார், சித்தப்பாமார், அத்தை, அவர்கள் பெற்ற பிள்ளைகள், இன்னும் பல் முளைக்காத ஒரு கைக்குழந்தை… கடைசி வட்டத்தில் மாமாவின் ஜல்லிக்கட்டுக் காளை. மாலை போட்டு, பொட்டு வைத்து.

அவள் சிரித்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே, கடை பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் டீக்கடையில் மெதுவாகச் சொல்வதுதான் எல்லோர் காதிலும் விழும்.

மாமா டபராவைக் கீழே வைத்தார். "எதுக்கு வேணாம்னானாம்?"

"நான் திரும்பி வரமாட்டேன்னு நினைக்கிறாங்க மாமா."

"யாரு… நீயா?" மாமா கடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, இதக் கேளுங்கடா! காலேஜு ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்து நின்ன கழுத இது. மதுரையில இருக்க மாட்டேன்னு அம்புட்டு அழுக. இவ வெளிநாட்டுல போயித் தங்கிருவாளாம்! அந்தாளுக்கு இவளத் தெரியுமா, எவளத் தெரியும்?"

கடையே சிரித்தது. முதுகலைப் பட்டம், பி.எட்., எல்லாம் ஒரு நொடியில் ஆவியாகிப் போயிற்று. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நெஞ்சுக்குள் அடைத்திருந்தது இறங்கியது.

சகாயமேரி மட்டும் சிரிக்கவில்லை. பிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வளரு, இதைப் போட்டோ எடுத்து அனுப்புடி."

"எதை?"

"இந்த பிளெக்ஸை. நீ திரும்பி வருவேங்கிறதுக்கு சாட்சி கேக்குறாங்கள்ல? இத்தனை பேரு வட்டத்துக்குள்ள உக்காந்து காத்துக்கிட்டு இருக்காங்களே… வேற என்ன சாட்சி வேணும்?"

"சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டுமே. சிரிச்ச கையோட எவனும் ரிஜெக்ட் பண்ண மாட்டான்."

நான் மானஸ்தி. சிரிப்புக்கு ஆளாகி ஒரு நாட்டுக்குள் நுழைவதா என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு டான்யூப் ஞாபகம் வந்தது. மானம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

மறுபடியும் விசாவுக்கு விண்ணப்பித்தேன். இந்த முறை தலைமையாசிரியையிடம், ஜூனில் பள்ளி திறக்கும் அன்று முதல் வகுப்பு நான்தான் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினேன். அதோடு போட்டோவையும் வைத்தேன். சகாயமேரி ஆங்கிலத்தைச் சரிபார்க்க, விளக்கமும் எழுதினேன். 'இது என் ஊர் பஸ் ஸ்டாப். நான் ஐரோப்பா போகிறேன் என்று என் தாய்மாமன் வைத்த வாழ்த்துப் பலகை. வட்டங்களில் இருப்பவர்கள் என் உறவினர்கள். நான் திரும்பி வராவிட்டால் இவர்கள் அத்தனை பேருக்கும் என் தாய்மாமன் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் இருப்பது அவருடைய காளை. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.'

கடைசி வரியை சகாயமேரி அடித்துவிட்டாள்.

(தயவுசெய்து நீங்களும் பிளெக்ஸ் போட்டோ அனுப்பிவிட்டு, விசா வரவில்லை என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு கதைதான்.)

போன வாரம் பாஸ்போர்ட் வந்தது. பள்ளிக்கூட வாசலிலேயே கவரைக் கிழித்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன்… இருந்தது! என் போட்டோவோடு, பளபளவென்று. எதைப் பார்த்துக் கொடுத்தார்கள்? தலைமையாசிரியையின் கடிதத்தையா, வட்டங்களையா? தெரியாது. சகாயமேரி மட்டும் அடித்துச் சொல்கிறாள், மாட்டைப் பார்த்துத்தானாம்.

அம்மா அன்றைக்கே எலுமிச்சங்காய் ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டார். "வெஞ்சனம் இல்லாம நீ ரெண்டு வேளை தாங்க மாட்ட" என்றார். உண்மைதான். வியன்னாவில் காபி குடித்து, பிராக்கின் பாலத்தில் நடந்து, புடாபெஸ்ட்டில் படகு ஏறி… அத்தனை கனவுக்கும் நடுவில் ஒரு ஊறுகாய் டப்பாவும் வரப்போகிறது. வரட்டும். பையில் இடம் இருக்கிறது.

சாயங்காலம் மாமாவின் கடைக்குப் போய் விசாவைக் காட்டினேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கடையில் இருந்த எல்லோரிடமும் காட்டினார். எல்லோருக்கும் டீ இலவசம் என்றார். "நாந்தான் அப்பவே சொன்னேன்ல, வாசலுக்கு வந்த ஆள வராதன்னு எவன் சொல்லுவான்?" என்றார். ஒரே கூத்து.

கூட்டம் கலைந்தது. நான் கிளம்பினேன். பின்னாலேயே ரோடு வரைக்கும் வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தாயி… திரும்பி வந்துருவேல்ல?"

விசா ஆபீசரை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.